மரம் அளக்கும் கணக்கு: கன அளவும் எடையும்

வெட்டிக் கிடத்தப்பட்ட ஒரு மரத்துக்கு விலை சொல்ல இரண்டு வழிகளே உண்டு. அது அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தை அளந்து கன அடியிலோ கன மீட்டரிலோ கூறுவது ஒரு வழி. அதை எடைமேடையில் ஏற்றிக் கிலோவிலோ டன்னிலோ கூறுவது மற்றொரு வழி. தமிழ்நாட்டு மரவாடிகளில் தேக்கும் வேங்கையும் வேம்பும் பூவரசும் கன அடிக் கணக்கில் கைமாற, சவுக்கும் தைலமரமும் விறகும் டன் கணக்கில் விலைபோகின்றன. சந்தனம் கிலோக் கணக்கில் நிறுக்கப்படுகிறது. எந்த மரத்துக்கு எந்த அளவு என்பது வெறும் பழக்கத்தால் அமைந்ததன்று. பலகையாகவும் சட்டமாகவும் அறுபட்டு ஓரிடத்தில் பொருந்த வேண்டிய மரத்தில் வாங்குபவர் தேடுவது பரிமாணத்தை. கூழாகவோ கரியாகவோ எண்ணெயாகவோ மாற வேண்டிய மரத்தில் அவர் தேடுவது பொருளின் நிறையை. ஆயினும் இவ்விரண்டு அளவுகளும் தோற்றத்துக்கு எளிமையாக இருப்பினும் உள்ளபடி எளியவையல்ல. ஒரே கட்டை, கையாளும் சூத்திரத்தைப் பொறுத்து 10 கன அடி என்றும் 13½ கன அடி என்றும் கணக்கில் ஏறக்கூடும்; நிறுக்கும் காலத்தைப் பொறுத்து 357 கிலோ என்றும் 222 கிலோ என்றும் நிற்கக்கூடும். இவற்றுள் எந்த எண்ணும் பொய்யன்று. ஆனால் எந்த முறையில், எந்த நிலையில் அளக்கப்பட்டது என்பதைச் சொல்லாத எண் எவருக்கும் பயன்படாது என்பதே இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்தாகும்.

முதலில் கன அளவைக் காண்போம். உருட்டு மரம், அதாவது அறுக்கப்படாத வட்டக் கட்டை, நீள்உருளையாக இருக்குமானால் அதன் வெட்டுமுகப் பரப்பை நீளத்தால் பெருக்கினால் கணக்கு முடிந்துவிடும். தரையில் கிடக்கும் கட்டையின் விட்டத்தை நடுவில் அளப்பது எளிதன்று என்பதால் நாடாவைச் சுற்றிப் பிடித்துச் சுற்றளவை எடுப்பதே நடைமுறை. வட்டத்தின் பரப்பு, சுற்றளவின் வர்க்கத்தை 12.566 ஆல், அதாவது பையின் நான்கு மடங்கால், வகுத்தால் கிடைப்பதாகும். நடுச்சுற்றளவு 48 அங்குலமும் நீளம் 10 அடியும் உள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொண்டால், அதன் வெட்டுமுகப் பரப்பு 183.3 சதுர அங்குலம். சதுர அடியில் 1.273, கன அளவு 12.73 கன அடி. ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி என்பதால் இது 0.36 கன மீட்டராகும். இக்கட்டையே இச்சொற்பொழிவு முழுவதிலும் எடுத்துக்காட்டாக வரும்.

ஆனால் இந்தியாவின் பெரும்பாலான மரச்சந்தைகளில் இதே கட்டையை 10 கன அடி என்றே எழுதுவார்கள். அங்கே வழங்குவது கால் சுற்றளவு முறை எனப்படும் பழைய விதி. சுற்றளவில் நான்கில் ஒரு பங்கை எடுத்து, அதை ஒரு சதுரத்தின் பக்கமாகக் கருதி வர்க்கப்படுத்தி, நீளத்தால் பெருக்கி, அங்குலம் அடியாக மாறும்பொருட்டு 144 ஆல் வகுப்பது அவ்விதி. 48 இன் கால்பங்கு 12. 12 இன் வர்க்கம் 144. அதை 10 ஆல் பெருக்கி 144 ஆல் வகுத்தால் 10 கன அடி. இம்முறை இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வர்டு ஹாப்பஸ் என்னும் நிலஅளவர் 1736 இல் வெளியிட்ட அட்டவணைகளால் பரவியமையால் ஹாப்பஸ் அளவு என்றே உலகெங்கும் பெயர்பெற்றது. ஆங்கில ஆட்சிக் காலத்தில் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் வந்து, வனத்துறைக் கிடங்குகளிலும் வணிகத்திலும் வேரூன்றியது. மரவணிகத்தில் ‘ஒரு டன் தேக்கு’ என்று சொல்லும்போது குறிக்கப்படுவது எடையன்று. இம்முறையில் அளந்த 50 கன அடியாகும். உள்ளபடியான பருமனில் அது ஏறத்தாழ 63.7 கன அடி, அதாவது 1.8 கன மீட்டர்.

கால் சுற்றளவு முறை எந்தக் கட்டைக்கும் உண்மைப் பருமனில் 78.5 விழுக்காட்டை மட்டுமே காட்டும், எஞ்சிய 21.5 விழுக்காடு கணக்கிலிருந்து மறைந்துவிடும். இது பிழையாகப் புகுந்ததன்று, திட்டமிட்டு விடப்பட்ட கழிவு. கோடரியால் நான்கு பக்கமும் செதுக்கிச் சதுரமாக்கிய உத்திரங்களே கப்பலுக்கும் கட்டடத்துக்கும் வேண்டியிருந்த காலத்தில், செதுக்கி எறியப்படும் சிம்பும் சிராயும் வாங்குபவர் தலையில் விழாதபடி முன்கூட்டியே கழித்துவிடுவது நியாயமாகவே இருந்தது. ஆனால் அந்தக் கழிவின் அளவாவது சரியானதா என்றால், அதுவும் இல்லை. மேற்சொன்ன கட்டையின் விட்டம் 15.3 அங்குலம். அதற்குள் முனை மழுங்காமல் அடங்கக்கூடிய மிகப்பெரிய சதுரத்தின் பக்கம் 10.8 அங்குலமே, விதி கற்பனை செய்யும் 12 அங்குலச் சதுரத்தின் மூலைவிட்டமோ 17 அங்குலம், கட்டையின் விட்டத்தையே மிஞ்சிவிடுகிறது. முழுச்சதுரமாக அறுத்தால் 8.1 கன அடிதான் கிடைக்கும். ஆகவே 10 என்னும் எண் மரத்தின் உண்மைப் பருமனும் அன்று, அதிலிருந்து கிடைக்கும் உத்திரத்தின் பருமனும் அன்று. இரண்டுக்கும் இடையே நிற்கும் ஒரு வழக்காற்று எண். இன்று பட்டைரம்பம் சிறு துண்டையும் வரிச்சட்டமாக அறுத்துவிடுகிறது, ஓரச்சிம்பு விறகாகிறது, மரத்தூள்கூட விலைபோகிறது. இந்நிலையில் இந்த விதியின் பழைய நியாயம் வெகுவாகத் தேய்ந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

இதனால் மரம் விற்பவர் ஏமாற்றப்படுகிறார் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே விதியை அறிந்து, விலையையும் அதே விதிக்கு ஏற்பப் பேசினால் எவருக்கும் நட்டமில்லை. கன அடிகளின் எண்ணிக்கை குறைந்தால் ஒரு கன அடியின் விலை ஏறிச் சமன்செய்துவிடும். தீங்கு நேர்வது ஒருவர் மட்டும் அறிந்திருக்கும்போதுதான். தன் வரப்பில் இருபது முப்பது ஆண்டுகள் வளர்த்த தேக்கைக் கன மீட்டர் விலை பார்த்து மதிப்பிட்டு வைத்திருக்கும் உழவர், சந்தையில் கால் சுற்றளவுக் கன அடியைக் கேட்டு அதை 35.3 ஆல் வகுத்துக் கன மீட்டராக்கினால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடுவார். அவர் வகுக்கவேண்டியது 27.7 ஆல். இந்த ஓர் எண்ணை அறியாமையால் நேரும் இழப்பு, மரத்தைப் பேணுவதில் செய்த பல தவறுகளால் நேரும் இழப்புக்குக் குறைந்ததன்று.

உண்மைப் பருமனை மனக்கணக்கில் அறிய வனவியலார் பயன்படுத்தும் எளிய மாற்றுவிதி ஒன்று உண்டு. சுற்றளவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, வர்க்கப்படுத்தி, இரட்டித்து, நீளத்தால் பெருக்குவது அது. 48 இன் ஐந்தில் ஒரு பங்கு 9.6; வர்க்கம் 92.16, இரட்டித்தால் 184.3 சதுர அங்குலம். உண்மைப் பரப்பாகிய 183.3 உடன் ஒப்பிட்டால் அரை விழுக்காடுதான் கூடுதல். நான்கால் வகுப்பதற்குப் பதில் ஐந்தால் வகுத்து இரட்டிப்பதில் பள்ளிக் கணிதத்துக்கு மேற்பட்ட உழைப்பு எதுவும் இல்லை. ஆதலால் கால் சுற்றளவு முறை எளிமைக்காகவே நிலைத்திருக்கிறது என்னும் வாதம் நிற்காது.

மேலே கூறியவை அனைத்தும் கட்டையை நீள்உருளையாகக் கருதியவை. இயற்கையில் மரம் அடியில் பருத்து நுனியில் மெலிவது. இந்த மெலிவைக் கணக்கில் கொள்ள மூன்று சூத்திரங்கள் வனவியலில் வழங்குகின்றன. நடுவில் மட்டும் அளந்து நீளத்தால் பெருக்குவது ஹூபர் முறை. இரு முனைகளின் பரப்புகளையும் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குவது ஸ்மாலியன் முறை. இரு முனைகளுடன் நடுப்பரப்பின் நான்கு மடங்கையும் கூட்டி ஆறால் வகுத்துப் பெருக்குவது நியூட்டன் முறை. நம் கட்டையின் அடிச்சுற்றளவு 60 அங்குலம், நடுவில் 48, நுனியில் 36 என்று சீராக மெலிவதாகக் கொண்டால், ஹூபர் முறை 12.73 கன அடியும், ஸ்மாலியன் முறை 13.53 கன அடியும், நியூட்டன் முறை 13.00 கன அடியும் தரும். சீராக மெலியும் கூம்பு வடிவத்துக்கு நியூட்டன் முறையே பிசகில்லாதது. ஹூபர் எவ்வளவு குறைத்துக் காட்டுகிறதோ அதைப்போல் இரு மடங்கு ஸ்மாலியன் கூட்டிக் காட்டும். அடிப்பகுதி திடீரென்று விரிந்து வேர்ப்புறம் கவடுவிட்ட கட்டையில் இந்தக் கூடுதல் மேலும் பெருகும். இருப்பினும் அடுக்கி வைக்கப்பட்ட கட்டைகளில் கைக்கு எட்டுவன முனைகள் மட்டுமே என்பதால், ஸ்மாலியன் முறையை விட்டுவிடவும் இயலாது. முனைகளை மட்டும் அளக்க நேர்ந்தால், விரிந்த அடிமுனையை அப்படியே கொள்ளாமல் அந்த விரிவு நீங்கிய இடத்தில் நாடாவைப் பிடிப்பது விவேகம்.

நாடா பிடிக்கும் கையில் இன்னும் சில நுட்பங்கள் உள்ளன. இவை மேற்கண்ட மூன்று சூத்திரங்களுக்கு இடையே உள்ளதைக் காட்டிலும் அதிக வேறுபாட்டை உண்டாக்கவல்லவை. கணக்கில் சுற்றளவு வர்க்கமாக வருவதால், அதில் ஒரு விழுக்காடு பிசகினால் பருமனில் இரண்டு விழுக்காடு பிசகும். பட்டையின்மேல் அளந்தோமா, பட்டையை உரித்து அளந்தோமா என்பது தடித்த பட்டையுள்ள மரங்களில் பத்து விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வேறுபாட்டைத் தரலாம். தேக்கின் அடிமரம் வரிப்பள்ளங்களோடு வளரும் இயல்புடையது. நாடா அப்பள்ளங்களைத் தாண்டி மேடுகளை மட்டுமே தொட்டுச் செல்வதால், அது அளப்பது மரத்தையும் பள்ளத்தில் உள்ள காற்றையும் சேர்த்து. ஒரே சுற்றளவுள்ள வடிவங்களுள் மிகுந்த பரப்பைத் தன்னுள் அடக்குவது வட்டமே என்பது வடிவகணித உண்மை. ஆகையால் வட்டத்திலிருந்து விலகிய கட்டை எதுவாயினும் சுற்றளவுக் கணக்கு அதைக் கூட்டியே காட்டும். இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்வது பின்னத்தைத் தள்ளிவிடும் பழக்கம். சுற்றளவு 51 அங்குலமாக இருக்க, கால்பங்கு 12¾ என்று கொள்ளாமல் 12 என்று எழுதிவிட்டால், அந்த முக்கால் அங்குலத்தோடு பருமனில் 11 விழுக்காடு போய்விடும். பொந்து, வெடிப்பு, கோணல் ஆகியவற்றுக்குக் கழிப்பது தனிக் கலை. பொந்தின் குறுக்களவையும் நீளத்தையும் தனியே அளந்து அந்தப் பருமனைக் கழிப்பதே முறை, கண்மதிப்பில் ‘பத்தில் ஒன்று’ என்று தள்ளுவதன்று.

அளவுக் கணக்கு வெறும் கடைக்கணக்கு அன்று என்பதற்குப் பர்மாவின் வரலாறு சான்று பகரும். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களிலும் நிலைகளிலும் இன்றும் மின்னும் பர்மாத் தேக்கின் வணிகத்தில் முன்னணியில் நின்ற பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம், 1863 இல் தொடங்கப்பெற்றது. மேல்பர்மாவில் மன்னரிடம் குத்தகை பெற்று நிங்யான் காடுகளில் தேக்கு வெட்டிய அந்நிறுவனம், கட்டணம் செலுத்திய எண்ணிக்கையைவிட மிகக் கூடுதலான கட்டைகளை வெளியேற்றியது என்று 1885 இல் மன்னர் தீபாவின் ஆட்சிமன்றம் தீர்ப்பளித்து, ஏறத்தாழ 23 லட்சம் ரூபாய் கட்டுமாறு பணித்தது. நிறுவனம் மறுத்தது, ஆங்கில அரசு அதற்குத் துணைநின்றது. பிரெஞ்சுக்காரரின் செல்வாக்கு மன்னரின் தலைநகராகிய மண்டலையில் வளர்வதைத் தடுக்கவேண்டும் என்னும் அரசியல் நோக்கமே ஆழமான காரணம் என்றாலும், கையில் கிடைத்த காரணம் இந்தக் கட்டைக்கணக்கே. அவ்வாண்டு நவம்பரில் போர் மூண்டு, மாத முடிவுக்குள் தலைநகர் வீழ்ந்தது. 1886 சனவரி முதல் நாளில் மேல்பர்மா ஆங்கிலப் பேரரசோடு இணைக்கப்பட்டது. காட்டிலிருந்து புறப்பட்ட கட்டை எத்தனை, கணக்கில் ஏறியது எத்தனை என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும்படி பதிந்துவைக்கும் முறை இல்லாத இடத்தில், வலியவரின் கணக்கே கணக்காகிவிடுகிறது.

நிற்கும் மரத்தை மதிப்பிடுவது வெட்டிய மரத்தை அளப்பதினும் கடினம். இந்திய வனவியலில் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நான்கரை அடியில், மார்பு உயரச் சுற்றளவு எடுக்கப்படுகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது 1.3 மீட்டர். அவ்விடத்துப் பரப்பை மரத்தின் உயரத்தால் பெருக்கினால் கிடைப்பது ஒரு கற்பனை உருளை. உண்மை மரம் அதில் எத்தனை பங்கு என்பதைக் காட்டும் எண் வடிவக்காரணி எனப்படும். சரியான கூம்புக்கு அது மூன்றில் ஒன்றுக்குச் சற்றே மேல். மரங்கள் பெரும்பாலும் அதற்கும் பாதிக்கும் இடையில் அமைகின்றன. 1856 இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளின் பொறுப்பை ஏற்று, பின்னர் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வராக விளங்கிய டைட்ரிக் பிராண்டிஸ், காட்டின் ஊடே கோடுகளாகப் பயணம் செய்து, வழியில் தென்பட்ட தேக்கு மரங்களைச் சுற்றளவு வகுப்புகளாகப் பிரித்து எண்ணி, காட்டின் மொத்த இருப்பையும் மதிப்பிட்டார். ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு வெட்டினால் காடு குன்றாது என்னும் கேள்விக்கு இந்தக் கணக்கே அடித்தளமாயிற்று. அதற்குச் சற்று முன்பே, அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், கலெக்டர் கனோலியின் முயற்சியாலும் சாத்து மேனோனின் உழைப்பாலும் 1840களில் நிலம்பூரில் நடப்பட்ட தேக்குத் தோட்டம் வளரத் தொடங்கிவிட்டது. இவ்வாறான தோட்டங்களில் எடுத்த அளவுகளிலிருந்துதான் எத்தனை வயதில் எவ்வளவு பருமன் கிடைக்கும் என்று காட்டும் விளைச்சல் அட்டவணைகள் பின்னாளில் உருவாயின.

அறுத்த மரத்தின் கணக்கு நேரானது. அடியில் நீளம், அங்குலத்தில் அகலம், அங்குலத்தில் கனம் ஆகிய மூன்றையும் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி. 7 அடி நீளமும் 5 அங்குல அகலமும் 3 அங்குல கனமும் உள்ள கதவுநிலைக் கால் 0.73 கன அடியாகும். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றே: பட்டியலில் எழுதப்படுவது அறுத்த அளவா, இழைத்த அளவா என்பது. தச்சர் வழக்கில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல். ஓர் அங்குலப் பலகை இரு புறமும் ஒவ்வொரு நூல் இழைக்கப்பட்டு 6 நூலாக நின்றால், விலை கொடுத்த மரத்தில் கால்பங்கு இழைப்புச் சுருளாகிவிட்டது. வீடு கட்டுவோர் மரச்செலவை மதிப்பிடும்போது இக்கால்பங்கையும், உருட்டு மரத்திலிருந்து அறுமரம் பெரும்பாலும் பாதிக்குச் சற்றே கூடுதலாகத்தான் தேறும் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

இனி எடை. மரத்தின் எடையைப் பற்றிய அறிவு முழுவதும் ஒரு வியப்பான உண்மையிலிருந்து தொடங்குகிறது: எல்லா மரங்களின் செல்சுவர்ப் பொருளும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி உடையது, அது நீரைப்போல் ஒன்றரை மடங்கு. பஞ்சுபோல் இலேசான இலவமும், நீரில் போட்டால் மூழ்கிவிடும் ஆச்சாவும் செம்மரமும் ஒரே பொருளால் ஆனவையே. வேறுபடுவது செல்களுக்குள் இருக்கும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைக் காற்று நிரப்பியிருந்தால் மரம் மிதக்கும், நீர் நிரப்பியிருந்தால் கனக்கும். ஆகவே மரத்தை நிறுப்பது என்பது மரப்பொருளையும் அதனுள் இருக்கும் நீரையும் ஒருசேர நிறுப்பதாகும். இரண்டையும் பிரித்தறியாத எடை மரத்தின் எடையன்று.

நீரின் அளவைக் கூறும் சொல் ஈரப்பதம். இதைக் கணக்கிட இரண்டு அடிப்படைகள் உள்ளன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால் நேரும் பிசகுகள் ஏராளம். வனவியலாரும் தச்சுத் தொழில்நுட்பத்தாரும் நீரின் எடையை, அடுப்பில் 103 பாகை செல்சியசில் எடை மாறாத நிலைவரை உலர்த்திய மரத்தின் எடையால் வகுப்பர். இவ்வடிப்படையில் ஈரப்பதம் 100 விழுக்காட்டையும் தாண்டலாம். எரிபொருளாகவும் கூழாகவும் மரத்தைக் கொள்வோர் பெரும்பாலும் நீரின் எடையை ஈரமரத்தின் மொத்த எடையால் வகுப்பர். இவ்வடிப்படையில் அது ஒருபோதும் 100 ஐ எட்டாது. ‘பாதி நீர்’ என்னும் ஒரே நிலையை முன்னவர் 100 விழுக்காடு என்பர், பின்னவர் 50 விழுக்காடு என்பர். ஒப்பந்தத்தில் ஈரப்பதம் குறிக்கப்படும்போது எந்த அடிப்படை என்று கேட்டுத் தெளிவது, விலையைக் கேட்டுத் தெளிவதற்கு ஒப்பாக முக்கியமானது.

நம் தேக்குக் கட்டைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். பச்சை நிலையில் உள்ள ஒரு கன மீட்டர் தேக்கில் நீர் நீங்கலாக மரப்பொருள் மட்டும் சுமார் 550 கிலோ இருக்கும். இதனை அடிப்படை அடர்த்தி என்பர். 0.36 கன மீட்டர் கட்டையில் அது 198 கிலோ. வெட்டிய புதிதில் ஈரப்பதம் உலர்எடையில் 80 விழுக்காடு என்று கொண்டால், கட்டை 357 கிலோ நிற்கும். ஒரு கன மீட்டருக்கு 990 கிலோ, நீருக்கு ஏறத்தாழச் சமம். காற்றில் உலர்ந்து 12 விழுக்காட்டுக்கு வந்தபின் அதே கட்டை 222 கிலோ. பர்மாவில் தேக்கை வெட்டுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரமாகிய வெளிறையும், உள்மரமாகிய வைரம் தென்படும்வரை வளையமாக வெட்டி, மரத்தை நின்றநிலையிலேயே உலரவிட்டதற்குக் காரணம் இதுவே. பச்சைத் தேக்கு ஆற்றில் நம்பத்தக்கவாறு மிதக்காது; இழந்த நீருக்கு ஈடாகக் காற்று புகுந்த தேக்குதான் ஐராவதியில் தெப்பமாக இரங்கூன்வரை செல்லும்.

உலர்வதால் பருமனும் சுருங்கும் என்றாலும், அது எடை குறைவதற்கு ஈடானதன்று. செல்களின் உள்வெளியில் தளர்வாக உள்ள நீர் வெளியேறும்வரை, அதாவது உலர்எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரப்பதம்வரை, மரம் சுருங்குவதே இல்லை. செல்சுவரில் ஊறிய நீர் நீங்கும்போதுதான் சுருங்கத் தொடங்கும். அதுவும் வளையத்தின் போக்கில் மிகுதியாகவும், ஆரத்தின் போக்கில் அதில் பாதியளவும், நீளத்தில் புறக்கணிக்கத்தக்க அளவும் நிகழும். எனவே மேற்கண்ட கட்டை எடையில் 38 விழுக்காடு இழக்கும்போது பருமனில் ஐந்து விழுக்காட்டை ஒட்டியே இழக்கிறது. காத்திருப்பால் சிறிதே மாறும் அளவு கன அளவு. காத்திருப்பால் பெரிதும் மாறும் அளவு எடை. தேக்கு வளர்ப்பவர் நல்ல விலைக்காகக் கட்டையை நிழலில் கிடத்திக் காத்திருக்கலாம். சவுக்கு வளர்ப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்த வேறுபாடு கடலோரச் சவுக்குத் தோப்புக்காரர்களையும் தைலமரம் வளர்ப்போரையும் நேரடியாகத் தொடுவது. காகித ஆலைகள் மரத்தை எடைக்கு வாங்குகின்றன. மொத்த எடையில் 45 விழுக்காடு நீருள்ள 10 டன் மரத்தில் மரப்பொருள் ஐந்தரை டன். வண்டி கிடைக்காமலோ ஆலை வாயிலில் வரிசை நீண்டோ நாட்கள் கடந்து நீர் 30 விழுக்காடாகக் குறைந்தால், அதே மரம் எடைமேடையில் 7.86 டன்னாகத்தான் நிற்கும். கூழாகும் பொருளில் ஓர் அணுவும் குறையாதிருக்க, விற்றவரின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெயிலில் ஆவியாகிவிடுகிறது. ஆலை உண்மையில் முன்னைவிட நல்ல சரக்கைக் குறைந்த பணத்துக்குப் பெறுகிறது. மழைக்காலத்தில் நனைந்த மரம் வந்தால் இழப்பு ஆலைப்பக்கம் திரும்பும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: சுமையிலிருந்து சில துண்டுகளை மாதிரியாக எடுத்து ஈரப்பதம் கண்டு, உலர்மர எடைக்கு விலை கொடுப்பது. அது கூடாத இடத்தில், வெட்டிய நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் எடை போடப்படும் என்பதையாவது எழுத்தில் உறுதிசெய்வது உழவரின் உரிமையாக ஏற்கப்படவேண்டும்.

அடுக்கி அளப்பதும் ஒரு வழக்கமே. ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட விறகு அடுக்கில் மரம் பெரும்பாலும் 60 முதல் 70 விழுக்காடுதான், எஞ்சியது இடைவெளி. வளைந்த, கணுமிகுந்த கட்டைகளில் இன்னும் குறையும். அடுக்கின் அளவைத் திடப்பருமனாகக் கொள்வது வாங்குபவருக்குப் பேரிழப்பு.

கன அளவிலிருந்து எடையைக் கணிக்க வேண்டிய தேவை மிக நெருக்கமாக எழுவது லாரியில் ஏற்றும்போது. இங்கேதான் கால் சுற்றளவு முறை பணத்தோடு நில்லாமல் உயிருக்கும் ஊறு செய்யக்கூடியதாகிறது. நம் கட்டையைப் போன்ற 40 பச்சைக் கட்டைகள் பட்டியலில் 400 கன அடி என்று இருக்கும். அதை அப்படியே 35.3 ஆல் வகுத்து அடர்த்தியால் பெருக்கினால் 11.2 டன் என்று கணக்கு வரும்; வண்டியின் அச்சில் இறங்குவதோ 14.3 டன். உலர்மரத்தின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டிருந்தால் பிழை இன்னும் பெருகும். மலைச்சாலையில் இறங்கும் வண்டிக்கு மூன்று டன் கணக்கில் வராத சுமை என்பது தடையின் வலிமையையே சோதிப்பது. ஏற்றுவதற்கு முன் உண்மைப் பருமனைக் கொள்ளவேண்டும். மரம் பச்சையாக இருந்தால், பெரும்பாலான இனங்களுக்கு, ஒரு கன மீட்டருக்கு ஒரு டன் என்று கொள்வது காப்பான கணிப்பு. நீரில் மூழ்கும் கனத்த இனங்களுக்கு அதற்கும் மேல் கொள்ளவேண்டும்.

அடர்த்தியைக் கண்டறிய ஆய்வகம் கட்டாயமில்லை. ஒரே சீரான குறுக்களவுள்ள 30 செ.மீ. குச்சியை அந்த மரத்திலிருந்து சீவி, நுனிகளில் மெழுகு பூசி, நீர் நிரம்பிய குறுகிய உயரமான குழாயில் செங்குத்தாக மிதக்கவிட்டு, எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்தால் போதும். 19.5 செ.மீ. மூழ்கினால் அடர்த்தி நீரில் 0.65 பங்கு, அதாவது கன மீட்டருக்கு 650 கிலோ. காற்றில் உலர்ந்த தேக்கு இந்த அளவை ஒட்டியே நிற்கும். குச்சி நீரை உறிஞ்சுமுன் விரைந்து படிப்பது ஒன்றே நிபந்தனை. வேர்க்கட்டை போன்ற ஒழுங்கற்ற துண்டுகளின் பருமனையும் நீரில் அமிழ்த்தி, மேலெழுந்த நீரை அளந்து அறியலாம். வன ஆராய்ச்சி நிலையங்களிலும் இதே முறைதான் கையாளப்படுகிறது. எப்படி அளக்கிறோம் என்பதைப்போலவே எதை நிறுக்கிறோம் என்பதும் முக்கியம். திருப்பத்தூரிலும் சத்தியமங்கலத்திலும் உள்ள வனத்துறைக் கிடங்குகளில் கையாளப்படும் சந்தனத்தில், வெளிறைச் செதுக்கி நீக்கி வைரத்தைத் தனியே வகைப்படுத்திய பின்னரே எடை கணக்கிடப்படுவதற்குக் காரணம், மணமுள்ள எண்ணெய் வைரத்தில் மட்டுமே தங்கியிருப்பது. எந்தப் பொருளுக்கு விலையோ அந்தப் பொருளை மட்டும் நிறுக்கும் இந்த ஒழுங்கு மற்ற மரங்களுக்கும் பொருந்துவதே.

மெட்ரிக் முறையை இந்தியா 1956 இன் சட்டத்தால் ஏற்றும், மரச்சந்தை இன்னும் அங்குலத்திலும் நூலிலும் கன அடியிலும் பேசிவருவதில் குற்றம் காண வேண்டியதில்லை. பழகிய அலகில் பிழை குறையும். வேண்டுவது அலகின் மாற்றமன்று, முறையின் வெளிப்படை. மரம் வாங்கும் ஒவ்வொரு பட்டியலிலும் கால் சுற்றளவா உண்மைப் பருமனா, பட்டையோடா பட்டை நீக்கியா, நடுவில் அளந்ததா முனைகளில் அளந்ததா, பின்னம் எப்படிக் கொள்ளப்பட்டது, எடையாயின் வெட்டிய நாளும் ஈரப்பதத்தின் அடிப்படையும் எவை என்பன எழுதப்படவேண்டும். வனத்துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் மரம் வளர்ப்போருக்கு நாற்றுகளை வழங்கும்போதே, அவற்றோடு ஒரு நாடாவையும் இந்த ஒருபக்கக் கணக்கையும் சேர்த்து வழங்குமாறு வேண்டிக்கொள்வது இந்த அவையின் கடமையாகும்.